மரத்துப்போன கை விழித்துக்கொண்ட இரவு

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை எனக்கு வலியே இல்லை. எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த இரவு நான் தனியாகப் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் யாராவது ஒருவர் என்னிடம் இரண்டே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் அந்த இரவு அப்படிப் போயிருக்காது. எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ கையை மட்டும், காலை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மாடிப்படியில் கடைசி இரண்டு படி இருக்கும்போது கால் வழுக்கியது. விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். நானும் ஊன்றினேன். வலது மணிக்கட்டு முள்கரண்டியைத் திருப்பி வைத்தது போல வளைந்து நின்றது. முன்கையில் இருக்கும் ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்து, துண்டு விலகியிருக்கிறது, மாவுக்கட்டு மட்டும் போட்டால் நேராகச் சேராது, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம், நாலு நாள் ஓய்வு போதும் என்றதால் அலுவலகத்தில் நாலு நாள் மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இந்த நாலு நாள் கணக்கு எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முந்தின இரவு பத்து மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். ஆபரேஷனோ மறுநாள் பதினொரு மணிக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலைவலி வேறு. லேசான சாப்பாடு என்றால் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம் என்றுதான் இப்போது பல நாட்டு மயக்கவியல் சங்கங்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் இது பொருந்தாது. கர்ப்பிணிகள், சர்க்கரைநோய் உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்கள் கணக்கு வேறு. ஆனால் "எனக்கு எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வறண்டுபோய் வந்தால் ட்ரிப்ஸ் ஏற்றும் குழலை, அதாவது கேன்யூலாவை, போட ரத்தக்குழாய் கிடைப்பதும் கஷ்டம். எனக்கு மூன்று இடத்தில் குத்தினார்கள்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதுதான் அனஸ்தீசியா டாக்டரை முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "முழு மயக்கம் வேண்டாம்மா, கையை மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம். வாந்தி, தொண்டை வலி எதுவும் இருக்காது. வலி நாளைக்குக் காலையில வரைக்கும் தெரியாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். காறை எலும்புக்கு மேலே ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார். கைக்குப் போகும் நரம்புகளெல்லாம் கழுத்தில் இருந்து கொத்தாக வந்து அந்த இடத்தில் நெருங்கி ஓடுகின்றன. அந்தக் கொத்தைச் சுற்றி மருந்தை விட்டால் தோளுக்குக் கீழே கை முழுக்க அடங்கிவிடும். இதற்குத்தான் நரம்பு பிளாக் என்று பெயர். பத்தரை மணிக்கு ஊசி. பத்தே முக்காலுக்கெல்லாம் விரல்கள் கதகதவென்று ஆகி, கனத்து, பிறகு என் கட்டுப்பாட்டில் இல்லாமல் போய்விட்டன.

இங்கே ஒரு விசித்திரம். கண்ணை மூடினால் என் வலது கை மடங்கி நெஞ்சின் மேல் கிடப்பதாகவே தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் அது பக்கத்துப் பலகையில் நீட்டிக் கிடக்கிறது, ஒருவர் அதற்கு மருந்து பூசிக்கொண்டிருக்கிறார். மரத்துப்போவதற்கு முன்னால் கை கடைசியாக எப்படி இருந்ததோ அந்த நிலையையே மூளை பிடித்து வைத்துக்கொள்கிறதாம். மிகச் சாதாரணமாக நடப்பதுதான். தெரியாமல் இருந்தால் அடிவயிறு கலங்கிவிடும். பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. ரத்த ஓட்டத்தை நிறுத்த மேல்கையில் கட்டிய இறுக்கப்பட்டையின் தடம் மட்டும் சிவந்து தெரிந்தது.

மதியம் வார்டில் முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் என் வலது கண் பாதி மூடியிருந்தது. இமை தொங்கி, கருவிழிக்குள் இருக்கும் பாப்பா இடது கண்ணைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. குரலும் கரகரத்தது. பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "பிளாக் போட்டா சில பேருக்கு இப்படி ஆகும்மா, மருந்து இறங்கினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அவர் சொன்னது முழுக்க உண்மை. கழுத்துப் பக்கம் போடும் ஊசியில் மருந்து பக்கத்தில் இருக்கும் வேறு நரம்புகளுக்கும் கசிந்தால் இமை தொங்கும், குரல் மாறும், சிலருக்கு ஒரு பக்க உதரவிதானம் தற்காலிகமாகச் சோர்ந்து மூச்சு முழுசாக இழுக்க முடியாதது போல இருக்கும். நுரையீரலில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் இதை ஊசிக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஆனால் இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கண்ணாடி முன்னால் நான் அழுதிருக்க மாட்டேன். பயத்தில் பாதி, தெரியாததால் வருவது.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் மூன்று மருந்து. ஒன்று ஆன்டிபயாடிக். மற்ற இரண்டும் வலிக்கு: பாரசிட்டமால், அதைவிடக் கடுமையான டிரமடால். இரண்டுக்கும் நேராக 'வலி இருந்தால்' என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு சொல்லைத்தான் நான் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தேன். கொண்டுவந்து விட்ட தோழி, "ராத்திரி நான் இங்கேயே இருக்கட்டுமாடி?" என்று கேட்டாள். "வலியே இல்லடி, நீ போ, உனக்குக் குழந்தை காத்துக்கிட்டிருக்கும்" என்று அனுப்பிவிட்டேன். சத்தியமாக வலி இல்லை. கை தூளியில் தொங்கியது, அதைத் தூக்கினால் வேறு யாருடையதோ கையைத் தூக்குவது போல இருந்தது. ஒரு கை இவ்வளவு கனக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போட்டேன். வலி இல்லையே, எதற்கு வீணாக வலி மாத்திரை என்று இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்கு விழிப்பு வந்தது. முதலில் விரல்நுனிகளில் எறும்பு ஊர்வது போல. கை உயிர் பெறுகிறது என்று சந்தோஷப்பட்டு கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. அடுத்த இருபது நிமிடத்தில் நடந்ததை எழுத இப்போதும் தயக்கமாக இருக்கிறது. மணிக்கட்டுக்குள்ளே யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல ஒரு குடைச்சல், அதற்கு மேலே நாடித்துடிப்புக்குத் துடிப்பு விண்விண்ணென்று தெறிப்பு. இரண்டே காலுக்கு நான் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். எலும்பு உடைந்த அன்றுகூட இவ்வளவு வலி இல்லை. கத்தினால் யாருக்குக் கேட்கும்? அப்படியும் கத்தினேன்.

மாத்திரை மேசையில்தான் இருந்தது. ஆனால் அட்டையை ஒரு கையால், அதுவும் இடது கையால் பிரித்துப் பாருங்கள், தெரியும். விரலால் அழுத்தினால் அட்டை வழுக்கி ஓடியது. முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் பல்லால் கடித்துப் பிரித்தேன். காலி வயிற்றில் டிரமடால். இருபது நிமிடத்தில் வாந்தி. மாத்திரை வெளியே வந்துவிட்டதா, உள்ளே இருக்கிறதா, இன்னொன்று போடலாமா கூடாதா என்று தெரியாமல் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அது பகல் நேர வரவேற்பு மேசையின் எண் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு முடியாமல் வண்டி பிடித்து வேறொரு மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் வலிக்கு மருந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்து நேராக நீட்டி, "இப்படி நீட்டும்போது தாங்க முடியாம போகுதா?" என்று கேட்டார். நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்தார். ஊசிமுனையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது நன்றியாக இருக்கிறது. கட்டுக்குள் வீக்கம் ஏறி, தசையறைக்குள் அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து ஒன்று உண்டு. அதற்கும் முதல் அடையாளம் இதே தாங்க முடியாத வலிதான். அது இல்லை என்று உறுதி செய்தபிறகு, இறுகியிருந்த கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார். அப்போதே கொஞ்சம் மூச்சு விட்டேன். பிறகு ட்ரிப்ஸில் பாரசிட்டமாலும் இன்னொரு ஊசியும். "மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்றார். வலி இல்லாததால் போடவில்லை என்றேன். "வலி இல்லாதப்பதான் போட்டிருக்கணும்மா. இதை யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து கை ஓரளவு அடங்கியபிறகு, எனக்கு நடந்தது என்ன என்று தேடிப் படித்தேன். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: ரீபவுண்ட் பெயின். மருந்து இறங்கும்போது பந்து சுவரில் பட்டுத் திரும்புவது போல வலி திரும்பி அடிப்பது. நரம்பைச் சுற்றி விடும் ரோபிவகைன், பூபிவகைன் போன்ற மருந்துகள் நரம்பு இழையில் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடுகின்றன, அதனால் சேதி மூளைக்குப் போவதில்லை. அவ்வளவுதான் அவை செய்வது. எலும்பைத் துளைத்து ஸ்க்ரூ முறுக்கிய இடத்தில் வீக்கமும் அழற்சியும் அதன்பாட்டுக்கு மணிக்கணக்காக ஏறிக்கொண்டேதான் இருக்கும். முழு மயக்கத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர் விழித்த உடனே வலிக்கிறது என்பார், அப்போதே மருந்து ஏற ஆரம்பித்துவிடும். எனக்கோ பதினைந்து மணி நேரம் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ரத்தத்தில் வலி மருந்து ஒரு துளிகூட இல்லை. கதவு திறந்ததும் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது. அதுவும் நடுராத்திரியில், தனியாக இருக்கும்போது. காலையில் ஊசி போட்டால் மருந்து இறங்கும் நேரம் பெரும்பாலும் இரவாகத்தான் இருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

இது அபூர்வமானதா என்றால், இல்லை. நரம்பு பிளாக் போட்டு அன்றே வீட்டுக்குப் போன 972 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2021ல் வெளிவந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு, பிளாக் போட்ட 24 மணி நேரத்துக்குள் லேசான வலி கடும் வலியாக ஏறியிருக்கிறது. யாருக்கு அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள்: வயது குறைந்தவர்கள், பெண்கள், எலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆபரேஷன் நேரத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பெறாதவர்கள். முதல் மூன்றும் நான்தான். நாலாவதும் நான்தான் என்று என் மயக்கமருந்துத் தாளை வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று, ஒரு நோயாளியின் காதுக்கு வந்து சேராமல் போகிறதே என்பதுதான் என் கோபம். பிளாக் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு இன்னொரு தடவை ஆபரேஷன் என்றாலும் பிளாக்தான் கேட்பேன், கேட்டும் இருக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்று கண் டாக்டர் கார்ல் கோலர் 1884ல் வியன்னாவில் கோகெயின் சொட்டுகளை வைத்துக் காட்டியதில் தொடங்கிய வழி இது. எத்தனையோ பேரை முழு மயக்கத்தின் சிரமங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஊசி முடிவதோடு கவனிப்பும் முடிந்துவிடக் கூடாது, அது மட்டும்தான் நான் கேட்பது.

வலியை முற்றவிட்டுப் பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. காயத்திலிருந்து தொடர்ந்து சேதி வந்துகொண்டே இருந்தால் முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்களே கூர்மையடைந்துவிடுகின்றன, சின்னத் தொடுகைகூடப் பெரிய வலியாகத் தெரியும் என்று வலி ஆராய்ச்சியாளர் கிளிஃபர்ட் வுல்ஃப் 1983ல் எழுதினார். அன்று இரவு போர்வை நுனி விரலில் பட்டதற்கே நான் துடித்தது நினைவுக்கு வந்தது. ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போகாமல் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும், பக்கவிளைவும் குறையும் என்பதை டென்மார்க்கின் அறுவை சிகிச்சை டாக்டர் ஹென்ரிக் கேலெட் போன்றவர்கள் 1990களிலிருந்து வலியுறுத்தி வருகிறார்கள். பாரசிட்டமாலும், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை ஒன்றும் நேரப்படி, டிரமடால் போன்றது தாங்க முடியாதபோது மட்டும் என்பது அந்த வழியில் வருவதுதான். எனக்குக் கொடுத்த தாளில் எல்லாமே 'இருந்தால்' என்று இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எமர்ஜென்சியில் வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன். அந்த எண்ணை வைத்து யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "குடைச்சல் உள்ளே எலும்பில், தெறிப்பு மேலே, கட்டு இறுக்குகிற இடத்தில்" என்று சொன்னபிறகுதான் டாக்டர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். உளவியலாளர் ரொனால்ட் மெல்ஸாக் 1975ல் வெளியிட்ட மெக்கில் வலிக் கேள்வித்தாளே நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டி அடுக்கியதுதான். நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? கடுப்பு, குத்தல், எரிச்சல், குடைச்சல், இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. எரிச்சலும் மின்னல் வெட்டுவது போன்ற சுருக்கும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், விண்விண்ணென்று தெறிப்பது வீக்கமாக இருக்கலாம். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாமல் எந்த மாதிரி, எந்த இடத்தில், எதைச் செய்தால் கூடுகிறது என்று சொல்லுங்கள்.

எனக்கு ஆன நட்டம்: நாலு நாள் விடுப்பு பதினேழு நாளானது, அதில் பதின்மூன்று நாள் சம்பளம் இல்லை. எமர்ஜென்சி செலவு காப்பீட்டில் வரவில்லை, கையிலிருந்து போனது. இதையெல்லாம்விடப் பெரிய நட்டம் விரல்கள். அந்த இரவுக்குப் பிறகு கையை அசைக்கவே பயந்தேன். அசைத்தால் அந்த வலி திரும்ப வந்துவிடும் என்று மனசு நம்பிவிட்டது. முதல் நாளிலிருந்தே விரலை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார்கள், நான் பத்து நாள் செய்யவில்லை. விரல்கள் விறைத்துக்கொண்டன. கை மூடி முஷ்டி பிடிக்க எனக்கு நாலு மாதம் பிசியோதெரபி ஆனது. வலியைச் சரியாக அடக்குவது சொகுசுக்காக இல்லை, அடுத்த கட்ட சிகிச்சையே அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே பிளாக் போடப்போகிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியது: இந்த மருந்து உத்தேசமாக எத்தனை மணிக்கு இறங்கும்? அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஒரு உத்தேசம் சொல்வார்கள். முதல் வலி மாத்திரை எத்தனை மணிக்கு, பிறகு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? இதைக் காகிதத்தில் மணி போட்டு எழுதி வாங்குங்கள். கை மரத்திருக்கும்போதே முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும், விரலில் எறும்பு ஊர ஆரம்பித்தபிறகு போட்டால் ஏற்கெனவே தாமதம், ஏனென்றால் மாத்திரை வேலை செய்யவே முக்கால் மணி, ஒரு மணி ஆகும். டெக்சாமெத்தசோன் எனக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இரவில் யார் எடுக்கும் எண் என்று கேட்டு, அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

உங்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகத் தொந்தரவு, ஆஸ்துமா இருந்தால் ஐபுப்ரோஃபென் வகை ஆகாமல் போகலாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிரமடாலுக்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும், சில மருந்துகளோடு அது சேராது. பயணத்தில் குமட்டும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லி வாந்திக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். அதை நான் சொல்லவில்லை, ஒரு டோஸ் வீணானது. பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதிலும் குறைவு. சளி மாத்திரையிலும் கூட்டு வலி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மரத்திருக்கும் கையைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு பட்டால் தெரியாது, கதவில் நசுங்கினாலும் தெரியாது. தூளியைக் கழற்றாதீர்கள். படுக்கும்போது இரண்டு தலையணை அடுக்கி, கை நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும்படி வையுங்கள், வீக்கம் வடிய அதுவே பாதி மருந்து. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். மாத்திரைகளைப் பகலிலேயே யாரையாவது பிரிக்கச் சொல்லி, நேரத்துக்கு ஒன்றாகச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, எது எதற்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு ஒரு ஆள் கட்டாயம் கூட இருக்கட்டும். மருந்து போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை இன்னொருவர் நீட்டினால் தாங்க முடியாவிட்டால், விரல் வெளுத்தோ நீலமாகவோ சில்லிட்டோ போனால், உணர்ச்சி வந்து திரும்பவும் மரத்தால், இது பிளாக் இறங்கும் வலிதானே என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்பிவிடுங்கள். இரண்டு நாளாகியும் மரமரப்பு முழுசாகப் போகவில்லை என்றாலும் தெரிவியுங்கள்.

பதினான்கு மாதம் கழித்து, பிளேட் தசைநாணை உரசுகிறது என்று அதை எடுக்க வேண்டி வந்தது. சின்ன ஆபரேஷன்தான், முதல் தடவையோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் தேதி கொடுத்ததும் என் உள்ளங்கை வியர்த்தது. இந்த முறை ஒரு வாரம் முன்பே அனஸ்தீசியா டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு வாங்கினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். டெக்சாமெத்தசோன் கொடுப்பதாகச் சொல்லி, மாத்திரை நேரங்களைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: மாலை ஆறு, இரவு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று இரண்டு மாத்திரையும் மாறி மாறி. கடைசியில் தன் வார்டு எண்ணை எழுதி, "இதுல ராத்திரி ஆள் இருப்பாங்க" என்றார்.

தோழியை இந்த முறை போகச் சொல்லவில்லை. அவள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். பன்னிரண்டு மணி அலாரம் அடித்தபோது கை இன்னும் மரக்கட்டையாகத்தான் இருந்தது. அவளே எழுந்து கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரைக்கு எறும்பு ஊர ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு மணி. இரண்டரை. மணிக்கட்டில் ஒரு மந்தமான கடுப்பு வந்தது, பத்துக்கு மூன்றோ நாலோ இருக்கும், அதற்கு மேல் ஏறவில்லை. கட்டைவிரலால் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தேன். நாலையும் தொட முடிந்தது. "வலிக்குதாடி?" என்று இருட்டில் அவள் குரல் கேட்டது. "கொஞ்சம்தான், நீ தூங்கு" என்றேன். மூன்று மணி அலாரத்துக்கு என்னை அவள்தான் எழுப்பினாள்.